முன்னூற்றுப் பன்னிரண்டு படங்கள்

கல்யாணங்களுக்குப் படம் எடுத்து ஓடிக்கொண்டிருந்த யேசுராஜுக்கு நாற்பது வயதில் ஒரு மாதச் சம்பள வேலை கிடைத்தது. காரைக்காலை ஒட்டிய தனியார் கட்டடக்கலைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபும் போட்டோ அறையும் அவர் பொறுப்பு. இருபது கம்ப்யூட்டர், இரண்டு உயர்ந்த ரகக் கேமரா, ஐந்து லென்ஸ், மாணவர்கள் செய்யும் கட்டட மாடல்களை வைத்துப் படமெடுக்க வெள்ளைத் திரை, விளக்குகள். அந்த மாதிரிக் கேமராவை அதுவரை கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருந்தார். முதல் வாரம் முழுக்கக் கோட்டுச்சேரி வீட்டில் அதே பேச்சு.

முதல் மாதம் கேட்டவர்களுக்கெல்லாம் கேமராவை எடுத்துக் கொடுத்தார். அப்போதுதான் ஒரு மாணவன் கடற்கரைக்குக் கொண்டுபோய் லென்ஸுக்குள் மணலை ஏற்றிக்கொண்டு வந்தான். முதல்வர் சண்முகசுந்தரம் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. யேசுராஜைத்தான் நிற்கவைத்து விளக்கக் கடிதம் எழுதி வாங்கினார். இனி ஒரு ஸ்க்ரூ தொலைந்தாலும் வேலை இருக்காது என்றார்.

அன்றோடு கேமராக்கள் பைக்குள் போயின. பைகள் இரும்பு அலமாரிக்குள் போயின. சாவி யேசுராஜின் சட்டைப் பையில் உட்கார்ந்தது. நாலரை மணி அடித்தால் லேபும் பூட்டு. சொந்த லேப்டாப் வைத்திருந்த பிள்ளைகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இல்லாதவர்கள் மட்டும் வந்து நின்றார்கள்.

பாரதிப்ரியா நான்காம் வருஷம். மண்டபத்தூரில் அவள் அப்பாவுக்குப் படகில் பங்கு உண்டு. கடலோரத்தில் உட்கார்ந்து வலை சரிசெய்வதற்கான கூடம் ஒன்றை வடிவமைத்து, மாடலும் செய்திருந்தாள். கண் கூசாமல் வெளிச்சம் மட்டும் இறங்குகிற கூரை. அந்த வெளிச்சம் படத்தில் விழுந்தால்தான் அவள் நினைத்தது என்னவென்று பார்ப்பவர்களுக்குப் புரியும். கேமராவை ஒரு நாளைக்குக் கேட்டாள். லேபில் ஏழு மணி வரை இருக்க விடச் சொன்னாள். முடியாது என்றார். மறுபடி வந்தபோது, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். உடனே முதல்வர் கையெழுத்தும் வேண்டும் என்றார்.

முதல்வர் அப்போது கீழே தன் அறையில்தான் இருந்தார். அனுப்பினால் கையெழுத்துப் போட்டுவிடுவார். அப்புறம் ஏதாவது ஆனால் தன் தலைதான் உருளும் என்று யேசுராஜுக்குத் தோன்றியது.

"பிரின்சிபல் பாண்டிச்சேரி போயிருக்காரும்மா. திங்கக்கெழமதான் வருவாரு."

"கீழ அவரு கார் நிக்குதே சார்."

"கார் நின்னா ஆளு இருக்கணுமா?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "நாளன்னிக்கு ரிவ்யூ சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் மாடலை மடியில் வைத்துப் பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுபோய், கடற்கரை வெயிலில் தன் பழைய போனில் படமெடுத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நெரிசல், கூரை நொறுங்கிப்போனது. ரிவ்யூவில் காட்ட அந்தப் படங்கள்தான் மிச்சம். அவற்றில் கூரைக்குக் கீழே ஒரே கறுப்பு. வெளியிலிருந்து வந்த பரீட்சகர், இதில் வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். தேறாததால் அந்த வருஷத்தையே மறுபடி படிக்கவேண்டும் என்றார்கள். படித்தது போதும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஆபீஸில் இதைக் கேள்விப்பட்டபோது யேசுராஜ், ரூல்ஸ் என்றால் எல்லாருக்கும் ரூல்ஸ்தான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மார்கழியில், மழை ஓய்ந்த கையோடு, கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வந்தது. வசதிகளைக் காட்டச் சொன்னார்கள். அலமாரியை யேசுராஜ்தான் திறந்தார். உப்புக் காற்றும் மழை ஈரமும் பைக்குள்ளேயே தங்கி, லென்ஸ்களுக்குள் வெள்ளை வெள்ளையாய் நூல் ஓடியிருந்தது. பூஞ்சை. ஒன்றுகூடத் தப்பவில்லை. குழுவில் இருந்த அம்மாள் இரண்டு கேமராவிலும் ஜன்னலை ஒரு படம் எடுத்து, அதுவரை எத்தனை எடுத்திருக்கிறார்கள் என்று கேமராத் திரையில் படத்தின் எண்ணைப் பார்த்தார்.

"அஞ்சு வருஷத்துல ரெண்டுலயும் சேத்தே முன்னூத்திப் பன்னெண்டுதானா?"

ஒரு முகூர்த்தத்தில் மதியச் சாப்பாட்டுக்குள் ஆயிரம் எடுத்தவர் யேசுராஜ். அந்த முன்னூற்றுப் பன்னிரண்டிலும் பாதி, முதல்வருக்குப் பொன்னாடை போர்த்திய படங்கள்.

"மெயின்டனன்ஸ் எல்லாம் இவருதான் மேடம்" என்றார் சண்முகசுந்தரம்.

சாயங்காலம் இன்னொரு விளக்கக் கடிதம். மறுநாள் முதல் விடைத்தாள் கட்டுகள் அடுக்கும் அறையில் வேலை.

இரண்டு வாரம் பாரதிப்ரியாவின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி மண்டபத்தூர் போனார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார். அவள் டவுனில் ஒரு பிளெக்ஸ் கடையில் வேலை பார்ப்பதாகவும் மதியம் வந்துவிடுவாள் என்றும் சொன்னாள் அம்மா விசாலாட்சி. காலேஜிலிருந்து சார் வந்திருக்கிறார் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ போட்டுக் கொடுத்தாள்.

"அது ஒழுங்காப் படிக்கல சார். அதான் பெயிலாயிட்டேன்னு அதுவே சொல்லிச்சு. நீங்கள்லாம் என்ன செய்வீங்க பாவம்" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். அப்போது வாசலில் செருப்புச் சத்தம். பாரதிப்ரியா நின்றுகொண்டிருந்தாள். அம்மா சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தபடியே நின்றாள்.

"ஆமாம்மா, இன்னும் கொஞ்சம் கவனமாப் படிச்சிருக்கலாம்" என்றார் யேசுராஜ்.

அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை. திரும்ப அவளைச் சேர்த்துக்கொள்வார்களா என்று விசாலாட்சி கேட்டாள். கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, மிச்ச டீயையும் குடித்துவிட்டு எழுந்தார். யாரிடமும் அவர் கேட்கவில்லை.