சுருக்கி எழுதத் தெரிந்தவன்

கதை எழுதுகிறவனுக்குக் காசு வருமோ வராதோ, கருத்து தவறாமல் வந்துவிடும்.

நான் அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுத்தாளன். தென்னூரில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் காலை பத்து மணிக்கு ஆறேழு பேர் கூடுவோம். ஒருவர் தான் எழுதிய கதையைப் படிப்பார், மற்றவர்கள் பிரித்து மேய்வார்கள். பத்து வருஷமாக இதே பிழைப்பு. உங்களில் யாராவது யாருக்கும் தெரியாமல் ஒரு நோட்டை அலமாரித் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தால், வாருங்கள், இப்படி உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

பழக்கமில்லாத சாவு

முதல் கதையை எடுத்துக்கொண்டு போனபோது எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. கதாநாயகன் பெயர் கதிரவன். நல்லவன், வல்லவன். இரண்டாம் பக்கத்தில் காவிரிப் பாலத்தில் லாரி மோதிச் செத்துப்போவான். எழுதும்போது நானே அழுதேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். படித்து முடித்து, யாராவது கண்ணைத் துடைக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒருவர் மிக்சர் தின்றுகொண்டிருந்தார்.

எங்கள் கூட்டத்தில் பாண்டியன் என்று ஒரு பஸ் கண்டக்டர் உண்டு. வண்டி நிறைய ஜனங்களைத் தினமும் பார்க்கிற மனுஷன். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சார், அந்த ஆளு எனக்கு இன்னும் பழக்கமே ஆகலை, அதுக்குள்ள அடிச்சுப் போட்டுட்டீங்க. நான் எப்படிங்க துக்கம் விசாரிக்கிறது?"

இன்னிக்கும் உங்க கதையா?

கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. கதை எழுதியவர், மற்ற எல்லாரும் பேசி முடிக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அத்தனை பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். சட்டம் போட்டது நூர்ஜஹான் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

உங்களுக்குத் தெரியாததா? நம் பிள்ளையை ஒருத்தர் குறை சொன்னால் சும்மா இருக்க முடிகிறதா? "இல்லீங்க, அதுக்கு என்ன அர்த்தம்னா..." என்று நான் ஆரம்பிப்பேன், டீச்சர் விரலால் வாசலைக் காட்டுவார். நான் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவேன். முதல் மூன்று மாதம் வாரம் தவறாமல் இதே கதை. நான் படி இறங்குவதைப் பார்த்ததுமே டீ மாஸ்டர் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கேட்பார்: "என்ன சார், இன்னிக்கும் உங்க கதையா?"

சரிங்க சார்

எங்கள் பட்டறையில் ஆரோக்கியசாமி என்று ஒரு டர்னர். அவரை வைத்து ஒரு கதை எழுதினேன். பெயரை மட்டும் மாற்றினேன். முதலாளி ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சொல்கிறார். தொழிலாளி நிமிர்ந்து நின்று, "அது என்னால் இயலாது ஐயா, என் குடும்பம் எனக்காகக் காத்திருக்கிறது" என்கிறான். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

சாப்பாட்டு வேளையில் அவரிடமே கொடுத்தேன். கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை வரச் சொன்னா நான் என்னைக்காவது முடியாதுன்னு சொல்லியிருக்கேனா சார்? 'சரிங்க சார்'னுட்டு வராம இருந்துருவேன்."

அளவான பத்திரிகை

ஒரு கட்டத்தில் எனக்குச் சுருக்கத் தெரிந்துவிட்டது. அந்த நாளை மறக்க முடியாது. பதினாறு பக்கக் கதையை ஆறு பக்கமாக்கிக் கொண்டுபோனேன், நூர்ஜஹான் டீச்சர் முதல்முறையாகத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கையில் எது கிடைத்தாலும் வெட்டினேன். பட்டறை நோட்டீஸ் போர்டில் எழுதுவதைக்கூட வெட்டினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, அந்த மயக்கத்தில்தான் என் மகள் கல்யாணம் வந்தது. பத்திரிகையை நானே எழுதினேன். அழைப்பு நாலே வரி. இன்னாருடைய பேத்தி, இன்னாருடைய பேரன் என்கிற வரிசையும் கிடையாது, நல்வரவை விரும்பும் பெரியவர்கள் பட்டியலும் கிடையாது. பெண், மாப்பிள்ளை, எங்கள் இரண்டு பேர் பெயர், நாள், மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளித்துவிட்டுத் தங்களுக்குத் தனிப் பத்திரிகை அச்சடித்துக்கொண்டார்கள். என் மனைவி கலா, "இவ்வளவு போதுமாங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். இதுதான் அழகு என்றேன். அச்சகக்காரர் தாளை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இது கல்யாணப் பத்திரிகையா, விசிட்டிங் கார்டா?"

எட்டுப் பக்கம்

அந்தக் கல்யாணத்துக்கு என் அண்ணன் வரவில்லை.

கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். நானும் கலாவும் வெற்றிலை பாக்கு பழம் தட்டோடு நேரில் போய்ப் பத்திரிகை வைத்துவிட்டு வந்தோம். பிரித்துப் பார்க்காமலே, "சரிடா, வந்துடறேன்" என்றார். வரவில்லை. முகூர்த்தம் முடியும் வரை மண்டப வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியப்பா எங்கே என்று மகள் மணையில் உட்கார்ந்துகொண்டே கேட்டாள். அந்த ஆத்திரத்தில் நானும் போன் செய்யவில்லை, அவரும் செய்யவில்லை. இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது.

எழுதுகிறவன் கையில் பேனா இருக்கிறதே, சும்மா விடுவானா? 'வராதவர்' என்று ஒரு கதை எழுதினேன். அதில் வரும் அண்ணன் பொறாமைக்காரர், திமிர் பிடித்தவர். தம்பி பசு. தென்னூரில் படித்தேன். பாண்டியன்கூடக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டீச்சர், "இந்தக் கதையில எல்லாருக்கும் ஒரு ஆசை இருக்கு, அண்ணனுக்கு மட்டும் வெறும் கோபம்தான் இருக்கு. அவருக்கு என்ன வேணுமாம்? ஏன் வரலை?" என்று கேட்டார். சட்டப்படி நான் வாயைத் திறக்கக் கூடாது. அவரே, "பரவாயில்லை, சொல்லுங்க" என்றார். தெரியாதுங்க என்றேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தெரியாத ஆளைப் பத்தியா சார் எட்டுப் பக்கம் எழுதியிருக்கீங்க?"

பிளாஸ்டிக் கவர்

வீட்டுக்கு வந்து கலாவிடம் புலம்பினேன். "தெரியலைன்னா நேர்ல போய்க் கேளுங்களேன். தம்பியா போக ரோஷம் விடலைன்னா எழுத்தாளரா போங்க" என்றாள். சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டைப் போட்டுக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினேன். பாலம் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அண்ணி கதவைத் திறந்து, நேற்றுத்தான் வந்துபோனவனைக் கூப்பிடுவதுபோல, "வாங்க தம்பி" என்றார். அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்தார், அணைக்கவில்லை. காபி வந்தது. குடித்து முடித்துவிட்டுக் கேட்டேன்: "ஏன்ணே நீ கல்யாணத்துக்கு வரலை?" அவர் எழுந்து போய் பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் கவருக்குள் மடிப்புக் கலையாமல் வைத்திருந்த என் பத்திரிகையை எடுத்து வந்து என் மடியில் போட்டார். "இதுல நான் எங்கடா இருக்கேன்?"

முன்பக்கம் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவும் அம்மாவும் உயிரோடு இல்லை. எங்கள் வீட்டு வழக்கப்படி பத்திரிகையே அண்ணன் பெயரில்தான் தொடங்க வேண்டும். மற்றதை அண்ணி சொன்னார். நாங்கள் வைத்துவிட்டுப் போனதும் கண்ணாடி போட்டுக்கொண்டு இப்படியும் அப்படியும் புரட்டினாராம், உறைக்குள்ளும் எட்டிப் பார்த்தாராம். அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் காலையில் கூட நடக்கிறவர்களிடம், தன் பேரில்தான் பத்திரிகை வரும் என்று முன்பே சொல்லி வைத்திருந்திருக்கிறார். எங்கே, காட்டுங்கள் என்று அவர்கள் கேட்பார்களே என்று, கல்யாணம் முடியும் வரை அந்தப் பக்கமே நடக்கப் போகவில்லை. கல்யாணத்தன்று பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு, முகூர்த்த நேரம் தாண்டும் வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாராம். நோட்டை வெளியே எடுக்கக் கை வரவில்லை.

"வேணும்னு விடலைண்ணே, சுருக்கமா இருக்கட்டும்னுதான்..." என்று இழுத்தேன். அண்ணன் பத்திரிகையை வாங்கி மறுபடி கவருக்குள் போட்டார். "சரி, சுருக்கினே. உன் பேரை மட்டும் ஏண்டா சுருக்கலை?"

நம்பற மாதிரி இல்லை

மூன்று வாரம் உட்கார்ந்து கதையை முதலிலிருந்து எழுதினேன். தென்னூருக்குக் கொண்டுபோகும் முன் அவர் காதில் போட்டுவிட வேண்டும் என்று மறுபடி ஸ்ரீரங்கம் போனேன். மறுபடியும் காபி. இந்தத் தடவை டிவியை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசிப் பக்கத்தில் தம்பி, அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி மன்னிப்புக் கேட்பான். அந்த இடத்தைக் குரலைத் தணித்து நன்றாகவே படித்தேன்.

"அண்ணன் நல்லா வந்திருக்கான். வேட்டி கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான் பாரு, அது அசல்" என்றார். "தம்பிதான் நம்பற மாதிரி இல்லை."

ஏன்ணே என்று கேட்டுவிட்டேன். சட்டத்தை மீறியதுதான், ஆனால் டீச்சர் அங்கே இல்லை.

"கதையில ஒரு பக்கத்துக்கு மன்னிப்புக் கேக்கறான். நேர்ல ரெண்டு தடவை வந்தான், ரெண்டு தடவையும் காபி குடிச்சான், இன்னும் கேக்கலையே?"

அடுப்படியில் அண்ணி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டார். காகிதங்களை மடித்துக் கீழே வைத்தேன். "தப்பு பண்ணிட்டேன் அண்ணே, மன்னிச்சிரு" என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அண்ணன் என் தோளில் கை வைத்து, எழுந்திரு சாப்பிடலாம் என்பதுபோல் ஒரு தட்டுத் தட்டினார். "இதைத்தாண்டா சுருக்கணும். பத்திரிகையை இல்லை."

அடுத்த மாதம் மகளுக்கு வளைகாப்பு, பத்திரிகையில் அண்ணன் பெயரில் தொடங்கிப் பதினெட்டுப் பெயர்கள், இடம் போதவில்லை என்று தலையைச் சொறிகிற அச்சகக்காரரிடம் பத்து வருஷம் கதை எழுதிக் கற்ற மொத்த வித்தையையும் சொல்லிவிட்டு வந்தேன்: எழுத்தைச் சின்னதாக்குங்க, ஆளைக் குறைக்காதீங்க.