பக்கத்து ஊருக்குப் போன வெளிநாட்டு ஆடு

போன வாரம் ஒரு ஃபோன். தோசைக்கல்லில் மாவை ஊற்றிய நேரம் பார்த்துத்தான் எனக்கு எப்போதும் ஃபோன் வரும்.

"மேடம், நான்தான்... அந்த ஆட்டுத் திட்டம், கோஆர்டினேட்டர். ஞாபகம் இருக்குதுங்களா?"

ஞாபகமா? மறந்தால்தானே!

"மேட்டுத் தெருவுல புதுசா ஆடு வளர்க்கறாங்களாமே மேடம். கோவிந்தம்மா அக்காகிட்டச் சொல்லி ரெண்டு மூணு போட்டோ மட்டும் வாங்கிக் குடுங்க. ஹெட் ஆபீஸ்ல ஆசையாக் கேக்கறாங்க."

தோசை கருகிவிட்டது. வந்த ஆத்திரத்தில் திருப்பிப் போட மறந்துவிட்டேன்.

ஒரு போட்டோ கேட்டதற்கா இவ்வளவு கோபம் என்கிறீர்களா? சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள்.

பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டி ஓர் ஊர். அங்கே ஒரு பெண்கள் குழு. கோவிந்தம்மாள்தான் தலைவி. குரலும் பெரியது, மனசும் பெரியது. அந்தக் குழுவுக்கு ஒரு சர்வதேச அமைப்பு ஆடு கொடுத்தது. அமைப்பின் பெயர் வேண்டாம், வம்பு.

ஆடு ஒன்றும் விமானத்தில் வரவில்லை. நம்ம சந்தையில் வாங்கிய நம்ம வெள்ளாடுதான். பணம்தான் கடல் தாண்டி வந்தது. எந்த நாட்டிலோ யாரோ கட்டிய வரி, அந்த அமைப்புக்குப் போய், அங்கிருந்து டெல்லி, சென்னை, தர்மபுரி என்று ஒவ்வொரு ஆபீஸிலும் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, கடைசியில் நாலு காலோடு பென்னாகரத்தில் வந்து இறங்கியது. காதில் ஒரு மஞ்சள் டேக், அதில் அமைப்பின் முத்திரை. ஊரில் அதற்கு 'வெளிநாட்டு ஆடு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் கட்டத்தில் கோவிந்தம்மாள் குழுவுக்கு. அது வெற்றி என்று ரிப்போர்ட் போனால், இரண்டாம் கட்டத்தில் அதே ஊர் மேட்டுத் தெருப் பெண்களுக்கு. அவர்களும் கொட்டகைக்கு இடமெல்லாம் ஒதுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

போன கோடையில் ரிப்போர்ட்டுக்கான நாள் வந்தது. 'பக்கத்து நாடுகளுடன் ஒத்துழைப்பு' என்று அந்த அமைப்பில் ஒரு பிரிவு உண்டாம். அதன் செலவில் நேபாளத்திலிருந்து ஒரு பெண்கள் குழு நம் ஆட்டுத் திட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்தது. கூடவே அமைப்பின் வெளிநாட்டு அதிகாரி அம்மாள். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்த காலத்தில் வடக்கே பல ஊர் சுற்றியவள் நான். இந்தி வரும், இங்கிலீஷும் சமாளிப்பேன். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். கொட்டகை நிறைய ஆடு. ஒவ்வொன்றின் கழுத்திலும் சாமந்தி மாலை. ஒன்றின் மாலையை இன்னொன்று தின்றுகொண்டிருந்தது. நல்ல வரவேற்புதான்! ஆனால் கோவிந்தம்மாள் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறார்.

"என்ன கோவிந்தம்மா?"

"அது எங்க ஆடு இல்லைங்கக்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் விஷயம் புரிந்தது. கோடையில் ஊரில் ஒரு பச்சை இல்லை. அதனால் ஆற்றங்கரைப் பக்கத்து ஊர்களில் ஆடுகளை வாரத்துக்கு விட்டுவிட்டார்கள். வாரம் என்றால் தெரியுமில்லையா? ஆடு ஒருத்தருடையது, மேய்ப்பது இன்னொருத்தர். போடுகிற குட்டிகளில் பாதி இவருக்கு, பாதி அவருக்கு. இந்தப் பக்கத்தில் காலகாலமாக நடப்பது. ஆடும் பிழைக்கும், ஆளும் பிழைக்கும்.

ஆனால் திட்ட விதி வேறு. பயனாளி தன் ஆட்டை யாருக்கும் கைமாற்றக் கூடாது. மீறினால் திட்டம் தோல்வி.

கோஆர்டினேட்டர் தம்பி பயந்துவிட்டார். பென்னாகரத்துக் கறிக்கடை பாயிடம் கெஞ்சி, அன்று ஒரு காலைப்பொழுதுக்கு ஆடுகளை இரவல் வாங்கி வந்து கொட்டகையில் அடைத்துவிட்டார்.

"காதுல டேக் இல்லையே தம்பி?"

"அதுக்குத்தான் மாலை மேடம். யாரும் காதைப் பாக்க மாட்டாங்க."

அடடா, என்ன மூளை!

பிறகு அவர் கோவிந்தம்மாளிடம் போனார். "அக்கா, 'ஆமா, எங்க ஆடுதான்'னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லன்னா மேட்டுத் தெருவுக்கு ஆடு வராது. அவங்க பொழப்பை நெனைச்சுப் பாருங்க."

மேட்டுத் தெருப் பெண்கள் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில்தான் நின்றிருந்தார்கள். கோவிந்தம்மாள் அவர்களைப் பார்த்தார்.

வேன் வந்தது. கைதட்டல், பொட்டு, பொன்னாடை எல்லாம் ஆனது. நேபாளக் குழுவில் ஓர் அம்மாள், நாற்பது வயசிருக்கும், அவரும் மலையில் ஆடு மேய்க்கிறவர். பேச்சைக் கேட்காமல் நேரே கொட்டகைக்குப் போனார். ஓர் ஆட்டைக் குனிந்து பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். அதற்கடுத்ததையும்... வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

என்னிடம் இந்தியில் கேட்டார். "அக்கா, இதிலே எது குட்டி போடும்?"

அத்தனையும் கிடா! குட்டி போட்டுப் பெருக வேண்டிய திட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை கறிக்குப் போக வேண்டிய கிடாக்கள் மாலை போட்டுக்கொண்டு நிற்கின்றன.

வெளிநாட்டு அம்மாள் என்னிடம் திரும்பி, அவர் என்ன சொல்கிறார் என்றார். தம்பி என் காதோரம் வந்தார். "மேடம், நல்ல ஆடுன்னு சொன்னாங்கன்னு சொல்லிடுங்க மேடம். ப்ளீஸ்."

நான் ஏன் சொல்ல வேண்டும்? நாக்கு என்னுடையது. உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

வெளிநாட்டு அம்மாளின் முகம் சுருங்கியது. 'அப்படியானால் நாங்கள் கொடுத்த ஆடுகள் எங்கே?'

தமிழில் சொல்லும் முன்பே கோவிந்தம்மாளுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. முன்னால் வந்தார்.

"பக்கத்து ஊருக்கு வாரத்துக்கு விட்டிருக்கோமுங்க. இங்க கட்டி வெச்சிருந்தா எலும்பைத்தான் பாத்திருப்பீங்க. அது ஒங்க விதிக்கு ஆவாதுன்னு இந்தத் தம்பி சொல்றாரு. சரிங்க, ஒண்ணு கேக்கறேன். பக்கத்து நாட்டோட ஒத்துழைப்புன்னு எம்மாம் பெரிய பேனர் கட்டியிருக்கீங்க. பக்கத்து ஊரோட நாங்க ஒத்துழைச்சா மட்டும் தப்புங்களா?"

வேப்பமரத்தடியில் ஒரு சலசலப்பு. இங்கிலீஷில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை, ஒரு சொல்லையும் மென்று முழுங்காமல் சொன்னேன். நேபாளத்து அம்மாள் சட்டென்று கோவிந்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் மலையிலும் இதேதான், பாதிக்குப் பாதி என்றார். கற்றுக்கொள்ள வந்தவருக்கு ஒரே நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. கற்றுக்கொடுக்க வந்த அம்மாள் மட்டும் 'இன்ட்ரஸ்டிங், வெரி இன்ட்ரஸ்டிங்' என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

அடுத்த மாதம் பதில் வந்தது. இரண்டாம் கட்டம் மறுபரிசீலனையில் இருக்கிறதாம்.

அதாவது, கிடையாது. அதை நேராகச் சொல்லக்கூட ஒரு வாய் இல்லை. மேட்டுத் தெருப் பெண்களை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்று யோசித்துப் பாருங்கள். நம் நாடு வெளியே இருந்து உதவி வாங்குகிறது. அதே நாடு பக்கத்து நாடுகளுக்குப் பாலம் கட்டித் தருகிறது, பள்ளிக்கூடம் கட்டித் தருகிறது. ஒரு கை வாங்கும்போதே இன்னொரு கை கொடுக்கிறது. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாடு செய்தால் அதற்குப் பெயர் ராஜதந்திரம். கோவிந்தம்மாள் செய்தால் விதிமீறல்! பயனாளி என்று பெயர் வைத்துவிட்டால் போதும்... அவள் ஆயுசுக்கும் வாங்குகிறவளாகவே நிற்க வேண்டும். கொடுக்கத் துணிந்துவிட்டால் கொடுத்தவர்களுக்கு வயிறு எரிகிறது. இது என்ன நியாயம்?

மழை பெய்தது. ஆற்றங்கரையிலிருந்து ஆடுகள் திரும்பின, பின்னாலேயே துள்ளிக்கொண்டு பங்குக்கு வந்த குட்டிகள். அவை வளர்ந்ததும் கோவிந்தம்மாள் குழு கூடிப் பேசி, பெட்டைகளை எல்லாம் மேட்டுத் தெருவுக்கு விட்டது. இலவசமாக இல்லை, வாரத்துக்கு.

"சும்மாவே குடுத்திருக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன்.

"சும்மா குடுத்தா வாங்கறவ தலை குனியணுங்கக்கா. வாரத்துக்கு விட்டா ரெண்டு பேரும் நிமுந்து நிக்கலாம்."

ஆக, இரண்டாம் கட்டம் நடந்தேவிட்டது. அமைப்பு இல்லாமல், வேன் இல்லாமல், பேனர் இல்லாமல். அதைத்தான் இப்போது போட்டோ பிடித்து அனுப்பச் சொல்கிறார்கள், அவர்கள் திட்டத்தின் வெற்றி என்று ரிப்போர்ட்டில் ஒட்ட! எனக்குக் கோபம் வருமா, வராதா?

ஃபோன் வந்த மறுநாளே நேரில் போய்ச் சொன்னேன். கோவிந்தம்மாள் கோபப்படவில்லை. வேலியில் தழை ஒடித்துக்கொண்டே யோசித்தார்.

"போட்டோ எதுக்குங்கக்கா? குட்டியவே குடுக்கலாம். அவங்க ஆபீஸைச் சுத்திப் புல்லு நல்லா இருக்குமாமே? நாலு குட்டி வாரத்துக்கு விடறோம்னு சொல்லுங்க. ஒழுங்கா மேச்சு, பாதியத் திருப்பித் தந்துடணும். ஆங்... வேற யாருக்கும் கைமாத்தக் கூடாது."

அப்படியே இங்கிலீஷில் எழுதி ஹெட் ஆபீஸுக்கே அனுப்பிவிட்டேன். மறுபரிசீலனை செய்கிறார்கள் போலிருக்கிறது... இன்னும் பதில் இல்லை!