வெர்லீன் கொடுத்த பவுண்டிங்

வெர்லீன் பியூரிஃபாய் எங்கள் பள்ளியில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்பில் உதவியாளராக இருந்தவர். அந்த வகுப்புப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பேருந்தின் ஓட்டுநர் நான். அலபாமாவின் இந்தப் பருத்திக்காட்டுப் பகுதியில் உரிமம் பெற்ற சிறப்பாசிரியர் எவரும் நிலைத்ததில்லை. ஆகஸ்டில் வருவார்கள், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போனவர்கள் திரும்பமாட்டார்கள். எஞ்சிய மாதங்களில் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தவர் வெர்லீன். பதிவேட்டில் ஆசிரியர் என்ற இடம் மட்டும் காலியாகவே இருந்தது.

அடுத்த ஆண்டும் அது காலியாக இருந்தால் வகுப்பை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்புவது என்று கல்விக் குழு முடிவெடுத்தது. அது ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணம். டான்ட்ரல் என்ற சிறுவன் கால் மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் இருந்தால் தன் கையைத் தானே கடித்துக்கொள்வான். ஆகவே உரிமம் பெற்றே தீர்வது என்று வெர்லீன் உறுதிகொண்டார்.

கறுப்பின மக்களுக்கென்று தொடங்கப்பட்ட எங்கள் ஊர்க் கல்லூரிக்கு அப்போது ஒன்றிய அரசின் மானியம் ஒன்று வந்துகொண்டிருந்தது. பள்ளி உதவியாளர், ஓட்டுநர் போன்ற உள்ளூர்ப் பணியாளர்களைச் சிறப்பாசிரியர்களாக்குவது அதன் நோக்கம். கட்டணம் முழுவதையும் மானியமே ஏற்றுக்கொள்ளும். படித்து முடித்தவர் இத்தகைய வகுப்புகளிலேயே சில ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். வெர்லீன் சேர்ந்தார். அவரைப் பார்த்து நானும் சேர்ந்தேன். இந்த வயதில் படிப்பா என்று கேட்டவர்களிடம் வெர்லீன், "முட்டிதான் வலிக்குது, மூளைக்கு இன்னும் வலி வரல" என்பார்.

கடைசிப் பருவத்துக்கு முன்னர் மானியத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பத்தில் பயிற்சி பெறும் எங்களுடைய அனுபவக் குறிப்புகளும் இடம்பெற்றன. வெர்லீன் தம் குறிப்பில், "புதிய பிள்ளை வந்தால் முதல் நாளே எல்லோரும் சேர்ந்து பவுண்டிங் கொடுப்போம், டான்ட்ரலுக்கும் கொடுத்தோம்" என்று எழுதியிருந்தார்.

எங்கள் திருச்சபையில் புதிதாகக் குடிவருபவருக்கு ஆளுக்கொரு பவுண்டு சர்க்கரையோ சோளமாவோ வெண்ணெயோ கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். பவுண்டிங் என்றால் எங்களுக்கு அதுதான். வெளியில் உள்ளவர்களுக்கு அச்சொல்லின் பொருள், அடித்து நொறுக்குவது. விண்ணப்பத்தை வெர்லீனும் நானும் கல்லூரியின் துறைத்தலைவர் டாக்டர் கெய்லார்டும் வரிக்கு வரி சரிபார்த்தோம். மூவரும் அதே திருச்சபையில் வளர்ந்தவர்கள். எவர் கண்ணிலும் அது உறுத்தவில்லை.

விண்ணப்பத்தைப் படித்த அரசு மதிப்பீட்டாளரின் குறிப்பு வந்தது: "இங்கே ஊனமுற்ற குழந்தைகள் கூட்டாகத் தாக்கப்படுகிறார்கள்." மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. அக்குறிப்பின் நகல் இன்றும் என்னிடம் உள்ளது.

டாக்டர் கெய்லார்ட் எங்களை அழைத்து அதை வாசித்துக் காட்டினார்.

"அந்தப் புள்ளைக்கு ஒரு பவுண்டு வேர்க்கடலை குடுத்தேன். அதுக்கு ஜெயிலா?" என்று வெர்லீன் சிரித்தார். பிறகு, "டாக்டரம்மா, வகுப்ப மூடிடுவாங்களா?" என்று கேட்டபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

விளக்கம் எழுதி அனுப்பினோம். போதகரின் சான்றையும் இணைத்தோம். மானியத்தைத் தருகிறோம், ஆனால் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும் என்று பதில் வந்தது. உறுதிமொழி இவ்வளவுதான்: "இனி எந்தக் குழந்தையையும் அடிக்கமாட்டேன்."

"மிஸ் வெர்லீன், 'இனி'ன்னு போட்டிருக்கான், பாத்தீங்களா? அப்ப இதுவரைக்கும் அடிச்சோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகுது" என்றேன்.

"பாத்தேன் பிரதர் குவின்சி. எனக்கும் கண்ணு இருக்கு."

"அந்தச் சொல்ல எடுக்கச் சொல்லி எழுதுவோம்."

"நீ எழுதி, அவன் படிச்சு, பதில் வர்றதுக்குள்ள டான்ட்ரல் பக்கத்து மாவட்டத்துக்குப் போயிருப்பான். நீதான் ஓட்டிட்டுப் போவ. பேனாவக் குடு."

அவர் கையெழுத்திட்டார். நான் இடவில்லை. அதனால் என் உதவித்தொகை நின்றது, படிப்பும் நின்றது. செய்யாத ஒன்றை ஒப்புக்கொள்ள எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதே அன்றும் இன்றும் என் நிலை.

வெர்லீன் உரிமம் பெற்று, காலியாக இருந்த அந்த இடத்துக்கு விண்ணப்பித்தார். நேர்காணல் எல்லோர் முன்னிலையிலும் நடந்தது, நானும் போயிருந்தேன். குழு உறுப்பினர் ஸ்டால்வர்த் அவருடைய கோப்பைப் புரட்டி அந்த உறுதிமொழித் தாளை வெளியே எடுத்தார்.

"புள்ளைங்கள அடிக்கறத எப்ப நிறுத்தினீங்க, மிஸ் பியூரிஃபாய்?"

"ஆரம்பிச்சாத்தானே ஐயா நிறுத்தறதுக்கு?"

சிலர் சிரித்தார்கள். ஸ்டால்வர்த் சிரிக்கவில்லை.

"பின்ன ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"போடலைன்னா உரிமம் இல்ல. உரிமம் இல்லைன்னா வகுப்பு இல்ல. நீங்க எல்லாரும் இன்னிக்கு ஒரு காலி நாற்காலியத்தான் கேள்வி கேட்டுட்டு இருப்பீங்க."

பின்வரிசையில் டான்ட்ரலின் தாய் எழுந்து நின்றார். "அன்னிக்கு அந்தப் பவுண்டிங்குக்கு நானும் ஆப்பிள் கொண்டுபோனேன். எல்லாரும் குடுத்ததப் போட்டுவச்ச பையக் கட்டிப்புடிச்சுக்கிட்டே என் புள்ள தூங்கினான். வேற ஏதாவது தெரியணுமா?" என்றார். ஸ்டால்வர்த் கோப்பை மூடினார். அன்று மாலையே வெர்லீனை நியமித்தார்கள்.

வகுப்பு எங்கள் ஊரிலேயே நடக்கிறது. அந்த உறுதிமொழி மட்டும் இன்னும் அவருடைய கோப்பில் இருக்கிறது. அதை நீக்கக் கோரி நான் எழுதிய கடிதங்களுக்கெல்லாம், விதியில் இடமில்லை என்ற ஒரே பதில்தான் வருகிறது. சென்ற வாரம் பிள்ளைகளை இறக்கிவிடும்போது, அடுத்த கடிதம் தயார் என்று அவரிடம் சொன்னேன்.

"எழுது பிரதர், எழுது. ஆனா டான்ட்ரல் சீட்டுல பெல்ட் கொக்கி உடைஞ்சு கெடக்கு. மொதல்ல அதுக்கு எழுது" என்றார்.

அன்றே எழுதிக் கொடுத்தேன். மறுநாள் புதுக் கொக்கி வந்தது.