ரப்பர் வளையம் போட்ட ஐந்து போத்தல்கள்

எங்கள் குசினிக் கதவுப் பிடியில் எப்போதும் ஒரு கொத்து ரப்பர் வளையம் தொங்கும். ஜான்-டலோன் சந்தையில் கீரையும் வெங்காயத்தாளும் வாங்கினால் கட்டியிருக்குமே, அந்த வளையங்கள். நான் அவற்றை எறிவதில்லை. கழற்றிக் கையில் மாட்டி, வேலை முடிந்ததும் கதவில் போட்டுவிடுவேன். ஆனால் பதினைந்து வளையங்களை மட்டும் கதவில் போடாமல் ஒரு பழைய பால்மாத் தகரப் பேணிக்குள் வைத்திருக்கிறேன். அவை என் கணவர் போத்தல்களுக்கு மாட்டியவை.

அவர் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் கூட்டித் துடைக்கிற வேலையில் பல வருடம் இருந்தவர். கூட வேலை செய்த கிரேக்க மனிதர் ஒருவர் ஒவ்வொரு கோடையும் எல்லை தாண்டி அமெரிக்கப் பக்கம் உள்ள ஒரு பூங்காவுக்குப் போய்க் கூடாரம் அடித்து இருந்துவிட்டு வருவாராம். அங்கே நிலத்துக்குள்ளிருந்து ஊற்றுத் தண்ணீர் தானாகப் பொங்கி வருமாம். ஒரே பூங்காவுக்குள் ஐந்து ஊற்று, ஐந்துக்கும் ஐந்து ருசியாம். இதை இவர் வீட்டில் வந்து சொன்னபோது நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீருக்கு என்ன ருசி என்று கேட்டேன். அதுதானே பார்க்க வேண்டும் என்றார். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு தரமாவது அந்தக் கதை வரும். தனக்கு இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்கிற மனிதர் இல்லை அவர். அந்த ஒன்றைத்தான் கேட்டார்.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் இருக்கும். அவர் வயதாகி வேலையால் நின்றுவிட்டார். மகனுக்குக் கட்டட வேலை. ஆடி மாதக் கடைசியில் இங்கே கட்டட வேலைக்காரர் எல்லோருக்கும் ஒன்றாக விடுமுறை விடுவார்கள். அந்த விடுமுறையில் மகன் ஒரு வான் வாடகைக்கு எடுத்தான். நானும் அவரும், மகனும் மருமகளும், இரண்டு பேரப்பிள்ளைகளும். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மூன்றாம் மாடியிலிருந்து நான் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், பெரிய சோற்றுப்பானை, தேத்தண்ணீர் வைக்கிற கேத்தில், காஸ் அடுப்பு எல்லாம் இறக்கியதைப் பார்த்துக் கீழ்வீட்டுப் பெண் நாங்கள் வீடு மாறுகிறோம் என்று நினைத்துவிட்டாள். மகன் பாண் ரொட்டி வாங்கிச் சாப்பிடலாம் என்றான். இரண்டு நாள் சோறில்லாமல் உன் அப்பா என்ன செய்வார் என்று கேட்டேன். அவர் வானுக்குள் முதல் ஆளாக ஏறி இருந்து, எனக்கொன்றும் இல்லை என்று கைகாட்டினார். நான் கேட்கவில்லை.

போய்ச் சேர்ந்த பின்னேரம் மகன் இரண்டு கூடாரம் அடித்தான். ஒன்று பெரியது, அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும். மற்றது சின்னது, எனக்கும் அவருக்கும். சின்னதைக் கண்டதும் எனக்கு முகம் சுட்டது. மருமகள் பார்த்துக்கொண்டு நிற்க, பேரப்பிள்ளைகள் கண்ட வயதில், ஒரு ஆள் குனிந்து போகிற துணிக் குடிலுக்குள் புருசனோடு போய்ப் படுப்பதா? பேத்திக்குப் பயமாக இருக்கும், நான் அவளோடு படுக்கிறேன் என்று சொல்லிப் பெரிய கூடாரத்துக்குள் போய்விட்டேன். பேத்திக்கு ஒரு பயமும் இல்லை. அவர் தன் செபமாலையை எடுத்துக்கொண்டு தனியே சின்னதற்குள் போனார்.

காலமை எல்லோரும் எழும்ப முன்னமே வெளிக்கிட்டு நின்றார். வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார், கோயிலுக்குப் போகிறவர் மாதிரி.

"இஞ்சாரும், வாருமன். ஐஞ்சு ஊத்தையும் ஒரு நடை பாத்திட்டு வருவம். கன தூரமில்லை."

சமையல் இருக்கிறது என்றேன். அதுவும் பொய் இல்லை. ஆனால் உண்மைக் காரணம் வேறு. முதல்நாள் வரும்போது வானுக்குள்ளிருந்து ஒரு ஊற்றைப் பார்த்திருந்தேன். கல்லால் கட்டிய சின்ன மண்டபம், நடுவில் குழாய். வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று, கையை ஏந்திக் குடித்து, முகத்தைச் சுளித்து, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவ்வளவு பேருக்கு முன்னால் நான் கையேந்திக் குடித்து முகத்தைச் சுளிப்பதை நினைத்தாலே கூச்சமாக இருந்தது. அதைச் சொல்லாமல், இங்கே உள்ள குழாய் தூரம், தண்ணீரில் மருந்து மணக்கிறது, போகிறபடியால் சமைக்கத் தண்ணீர் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவர் வெறும் போத்தல்களைப் பையில் போட்டுக்கொண்டு தனியே நடந்தார். கொஞ்சத் தூரம் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

இரண்டு மணித்தியாலத்தில் வியர்த்து ஒழுக வந்தார். ஐந்து போத்தல்களையும் மேசையில் ஒரு வரிசையாக வைத்தார். முதல் போத்தலின் கழுத்தில் எங்கள் கதவிலிருந்து எடுத்து வந்த ஒரு ரப்பர் வளையம், இரண்டாவதில் இரண்டு, அப்படியே ஐந்தாவதில் ஐந்து. குளித்துவிட்டு வருகிறேன், அங்கே வரிசை நிற்கும் என்று துவாயை எடுத்துக்கொண்டு போனார். நான் அரிசி கழுவிவிட்டுக் காத்திருந்தேன். வளையங்களை, வீட்டில் செய்கிற பழக்கத்தில், ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் மாட்டினேன். எதற்காக இந்த மனிதர் போத்தலுக்கு வளையம் போட்டார் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. நாலு போத்தலைச் சோற்றுப்பானைக்குள்ளும் ஒன்றைக் கேத்திலுக்குள்ளும் ஊற்றினேன். ஒரு கெட்ட மணம் வந்தது, காஸ் அடுப்பு என்று நினைத்தேன்.

ருசி பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நான் சமைக்கும்போது எதையும் வாயில் வைப்பதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் உப்பையும் புளியையும் மணத்தில்தான் பார்ப்பார்கள். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகுதான் என் வாயில் ஏதும் படும். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

சோறு மஞ்சள் நிறத்தில் களியாகக் குழைந்து வந்தது. தேத்தண்ணீர் அதைவிட மோசம். தேயிலை போட்டதும் சிவக்காமல் கறுத்தது. எழுதுகிற மை மாதிரி, கோப்பையின் அடி தெரியாத கறுப்பு. மகன் எட்டிப் பார்த்தான்.

"அம்மா, இது தேத்தண்ணியோ, தார் ஊத்திறாங்களே றோட்டுக்கு, அதோ? எங்கட வேலைக்குக் கொண்டுபோகலாம்."

பேத்தி பிரெஞ்சில் என்னவோ சொல்லி மூக்கைப் பொத்தினாள். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சோற்றை ஒரு வாய் வைத்து, உப்பாய் இருக்கிறது மாமி என்று மெதுவாகச் சொன்னாள். அப்போதுதான் அவர் குளித்துவிட்டு, துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மேசையில் வெறும் போத்தல்களையும் என் கையிலிருந்த வளையங்களையும் பார்த்தார். மர வாங்கில் குந்தி, அந்தக் கறுத்த தேத்தண்ணீரை எடுத்துக் கடைசி மிடறு வரை குடித்தார். சோற்றையும் தின்றார். பிள்ளைகள் பாண் தின்றார்கள்.

பிறகு நான் பானையைத் தேய்த்துக்கொண்டிருக்க அருகில் வந்து குந்தினார். சமைக்கவென்று கொண்டுவந்த தண்ணீர் இல்லை, ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு பார்ப்பீர் என்றுதான் வேறுவேறாகப் பிடித்து வளையம் போட்டேன், சமைக்கிறதுக்குக் குழாயில் பிறகு எடுத்துத் தர இருந்தேன் என்று சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. போத்தலின் கணக்கை விளங்கப்படுத்துகிற மாதிரிச் சொன்னார். எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"பரவாயில்லை, நாளைக்கு வெளிக்கிட முதல் நீரும் நானும் மட்டும் போவம். அதில ஒண்டு இருக்கு, குடிச்சீரெண்டா உமக்குச் சிரிப்பு வரும்."

"ஏன் சிரிப்பு வரும்?"

"சொன்னா வராது. குடிச்சுத்தான் பாக்கோணும்."

மறுநாள் காலமை இரண்டு கடுதாசிக் கோப்பைகளைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். பானையின் அடியில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. நான் அதை மண் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் நல்ல பிள்ளை. என் கையிலிருந்து பானையை வாங்கப் பார்த்தாள்.

"மாமி, நான் தேய்க்கிறன். நீங்கள் மாமாவோட ஒருக்கால் போயிட்டு வாங்கோவன். ஆசையாக் கேக்கிறார்."

அவள் அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் விட்டிருந்தால் போயிருப்பேனோ என்னவோ. மருமகளின் வாயால் அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கலியாணம் கட்டி முப்பத்தைந்து வருடத்துக்கு மேல். அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நடந்ததே இல்லை. கோயிலுக்கும் அவர் முன்னால் போவார், நான் நாலடி பின்னால் போவேன். இப்போது பிள்ளைகள் பார்க்க, கடுதாசிக் கோப்பையும் கையுமாக, கிழவனும் கிழவியும் சோடியாக உலாவப் போவதா?

"பேந்து பாப்பம். வாற வருசமும் வருவம்தானே," என்றேன்.

ஓம், அதுவும் சரி என்றார். இரண்டு கோப்பைகளையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி மேசையில் வைத்துவிட்டுப் போய் வானுக்குள் இருந்தார். தனியே போய்க் குடித்துவிட்டு வரவும் இல்லை. நான் பானையைத் தேய்த்தேன். கறை போகவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவே இல்லை. நானாகக் கேட்டிருக்கலாம், எந்த ஊற்று, என்ன சிரிப்பு என்று. ஒருநாள் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும்போது கேட்கத்தான் நினைத்தேன். மகன் பக்கத்தில் இருந்தான், விட்டுவிட்டேன். அடுத்த தை மாதம், பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போகச் சப்பாத்துப் போடுகிறேன் என்று கதவடியில் கதிரையில் இருந்தவர், ஒரு சப்பாத்தோடு அப்படியே சாய்ந்துவிட்டார். நான் மற்றச் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் போன பிறகு வந்த நாலாம் கோடை மகன் எங்கே போகலாம் என்று பொதுவாகக் கேட்டான். நான் அந்தப் பூங்காவின் பெயரைச் சொன்னேன். நான் வாய் திறந்து ஒரு இடம் கேட்டது அவனுக்கு அதிசயம். இந்த முறை பானை கொண்டுபோகவில்லை. பாணும் வாழைப்பழமும்தான் கொண்டுபோனோம். மறுநாள் காலமை மகனை மட்டும் கூட்டிக்கொண்டு நடந்தேன். அவர் சொன்னது சரி, கன தூரமில்லை.

முதல் ஊற்று உப்பு. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புத் தண்ணீர் மாதிரி. அடுத்தது இரும்பு, ஆணியை வாயில் வைத்த மாதிரி. அதன் கல்லெல்லாம் செம்மஞ்சளாக ஊறிப்போயிருந்தது. இதுதான் தேத்தண்ணீரைக் கறுக்கப்பண்ணியது என்று நினைத்தேன். மூன்றாவதில் கூழ்முட்டை மணம், மகன் தள்ளி நின்றான். நாலாவதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் கவலை பிடித்தது. இந்த நாலில் அவர் சொன்னது போய்விட்டதோ, எனக்குத்தான் சிரிக்கத் தெரியவில்லையோ என்று.

ஐந்தாவதில் வரிசையில் ஆறேழு பேர் நின்றார்கள். நானும் நின்றேன். என் முறை வந்ததும் கையை ஏந்தி ஒரு பெரிய மிடறு விழுங்கினேன். அது தண்ணீர் இல்லை, சோடா. காஸ் குபீரென்று மேலேறி மூக்கால் வந்தது. நான் இருமி, வாயிலிருந்த மீதியை மகனின் சப்பாத்தில் துப்பிவிட்டேன்.

கலியாணம் கட்டிய புதிது. மடுமாதா கோயிலுக்கு நேர்த்திக்கடன் கொடுக்க ரயிலில் போனோம். ஒரு ஸ்டேசனில் அவர் இறங்கி ஓடிப்போய் எனக்கு ஒரு சோடா வாங்கிவந்தார். நான் அதுவரை சோடா குடித்ததில்லை. அதையும் சொல்ல வெட்கப்பட்டு, தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒரேயடியாகக் குடித்தேன். மூக்காலும் வாயாலும் வந்து அவருடைய பட்டு வேட்டி முழுக்க விழுந்தது. பெட்டியில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். நான் அழ வெளிக்கிட, அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். கடைசியில் நானும் சிரித்தேன். அவர் முன்னால் நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல். வெளியில், ஆட்களுக்கு முன்னால், அதுதான் கடைசியும். அவர் அதை அவ்வளவு காலமும் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார்.

மகன் என் முதுகைத் தடவினான்.

"என்னம்மா, புரைக்கேறிட்டுதோ?"

"ஓம்," என்றேன்.

கண்ணால் தண்ணீர் வந்ததற்கும் அதுவே காரணமாகப் போயிற்று. பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பெண் சிரித்தபடி கடுதாசித் துண்டொன்று தந்தாள். நானும் அவளைப் பார்த்துச் சிரித்தேன். நான் கொண்டுவந்திருந்த போத்தலில் அந்த ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து மூடி, பையில் கொண்டுவந்திருந்த கதவு வளையங்களில் ஐந்தை எடுத்து அதன் கழுத்தில் மாட்டினேன். மகன் ஏன் என்று கேட்கவில்லை. நான் எதற்கும் வளையம் போடுகிறவள்தானே.

திரும்பி வரும் வழியெல்லாம் சோடாக் கதையை அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கே தொடங்குவது என்று மனதுக்குள் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். தகப்பனும் தாயும் ரயிலில் சிரித்த கதையை வளர்ந்த மகனுக்கு எப்படிச் சொல்வது? அதற்குள் எல்லை வந்துவிட்டது. சாவடியில் இருந்தவர் என்ன கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டார். மகன் என் மடியிலிருந்த போத்தலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தண்ணீர் மட்டும்தான் என்றான்.