சந்தனத்துக்குப் பின்னால் ஒரு விளக்கு

"புரட்டாசி மூன்றாம் சனி. முன்சக்கரங்களுக்கு டிராக் பேட். சென்சாருக்கு இடம் இல்லை." காரின் பராமரிப்புக் குறிப்பில் நான் எழுதியது இவ்வளவுதான். மீதி இது.

எங்களுடையது வயதான ஜெர்மன் கார். அதன் பிரேக் பேடில் ஒரு சிறு குழி உண்டு. சென்சார் அதில் உட்கார்ந்திருக்கும். பேட் தேய்ந்தால் அதனுடன் சென்சாரின் ஒயரும் தேய்ந்து அறுந்து, மீட்டரில் சிவப்பு விளக்கு எரியும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ரேஸ் டிராக்கில் ஒரு ஞாயிறு ஓட்டுவதற்காக நான் வாங்கிய பேடில் அந்தக் குழி இல்லை. பந்தயக்காரர்கள் கழற்றிப் பார்த்துக்கொள்வார்கள் என்பது தயாரித்தவர் எண்ணம் போலும்.

முடிச்சூர் சாலை மெக்கானிக் சென்சாரை ஓரமாக ஒதுக்கி, பிளாஸ்டிக் டேக்கால் கட்டினார். "சும்மா தொங்கிகினு கெடக்கட்டும் சார்."

தொங்கவில்லை. டிராக்கில் பிரேக் சூட்டில் டேக் உருகி, ஒயர் டிஸ்கில் உரசி அறுந்தது. திரும்பும்போது வண்டலூரில் விளக்கு எரிந்தது.

அந்தக் காரில் தினமும் சேலையூர் பள்ளிக்குப் போகிறவர் என் மனைவி, ஆசிரியை. "இந்த லைட் அணையறத என் கண்ணால பாக்கற வரைக்கும் நான் பஸ்லதான் போவேன். அதுவரைக்கும் நீங்களும் டிராக் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது." மார்கழி ஓட்டத்துக்கு நான் ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்தேன்.

"ரெண்டு ஒயரையும் முறுக்கி வுட்டா லைட்டு பூடும் சார்" என்றார் மெக்கானிக்.

"பேட் தேய்ஞ்சாலும் எரியாதே?"

"எரியாது. அத்தான சார் கேக்கறீங்க?"

முறுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புது சென்சாருக்கு ஆர்டர் கொடுத்தோம். அது வருவதற்குள் ஆயுத பூஜை வந்தது. மனைவி காரைத் துடைத்து ஸ்டீயரிங்குக்கும் மீட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். மீட்டரில் பொட்டு சரியாக அந்த விளக்கின் மேல் அமைந்தது.

"வேணும்னே வெச்சியா?"

"கை போன இடத்துல வெச்சேங்க."

எங்கள் வீட்டில் பூஜைப் பொட்டைத் துடைப்பதில்லை. அதுவாக உதிர வேண்டும்.

புது சென்சார் வந்தது. பழைய வகை பேடை மாட்டி, சென்சாரைக் குழியில் பொருத்தினார் மெக்கானிக். மீட்டரைப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. துடைக்கச் சொன்னேன்.

"நான் சர்ச்சுக்குப் போறவன் சார். அக்கா வெச்ச பொட்ட நான் தொடச்சா பேஜாராயிடும். நீங்களே தொடைங்க."

நானும் துடைக்கவில்லை. வீட்டு வாசலில் இன்ஜினை ஓடவிட்டு மனைவியை அழைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"ஓரத்துல சிவப்பா தெரியுது. எரியுது."

"அது குங்குமம்."

"அப்ப அணைஞ்சிருக்குன்னு எப்படித் தெரியும்?"

"துடைச்சுப் பார்க்கலாம்."

"தானா உதிரும்ங்க. என்ன அவசரம்?"

இப்போது கார்த்திகை. நல்ல சந்தனம், ஓரம்கூடப் பெயரவில்லை. மனைவி பஸ்ஸில் போகிறார். ஞாயிறுதோறும் நான் டார்ச் அடித்து பேடைப் பார்க்கிறேன். நிற்கிற காரில் பேட் தேய்வதில்லை. மார்கழி ஓட்டத்துக்கு வருகிறேனா என்று டிராக்கிலிருந்து கேட்டிருக்கிறார்கள், பதில் எழுதவில்லை. விளக்கு அணைந்திருக்கிறதா என்பது இதை எழுதும்வரை சரிபார்க்கப்படவில்லை.