டில்லிபாபு பிக்கப் வாங்கிய கதை

டில்லிபாபுவின் கிட்டார் காதைக் கிழிக்கிறது என்று மூன்று கல்யாண வீடுகளில் புகார் வந்துவிட்டது. முதல் வீட்டில் பெண்ணின் அப்பா வந்து சொன்னார். இரண்டாவது வீட்டில் பந்தி பரிமாறுகிறவர் வந்து சொன்னார். மூன்றாவது வீட்டில் மாப்பிள்ளையே மாலையும் கழுத்துமாக நின்றபடி இரண்டு காதையும் பொத்திக் காட்டினான்.

அன்றைக்கு ஸ்பீக்கர் பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது ரகுபதி பேச்சை எடுத்தார். மயிலாப்பூரில் மெல்லிசைக் குழு நடத்துகிறவர், கீபோர்டும் அவரேதான். இருபத்துநாலு வருஷமாக அவர் குழுவில் டில்லிபாபுதான் கிட்டார்.

“பாபு, தப்பா எடுத்துக்காத. மழைத்தண்ணில ஊறுனதுல இருந்து உன் கிட்டாருக்குப் பேய் புடிச்சிகீது. வேற ஒண்ணு ரெடி பண்ணு. அடுத்த மாசம் அடையாறுல ரிசப்ஷன் கீது, அதுக்கு முன்னால ஒரு ரிகர்சல் போட்டுப் பாப்போம். சரியா வந்தா வா. வரலன்னா இன்னா பண்றது, நான் கீபோர்டுலயே கிட்டாரையும் வாசிச்சிடறேன்.”

டில்லிபாபு பகலில் பார்க்கிற வேலை, அபார்ட்மென்ட்களில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர். சாந்தோமிலிருந்து அடையாறு வரை நூறு மோட்டாருக்கு அவர்தான் வைத்தியர். ஆனால் யாராவது தொழில் என்னவென்று கேட்டால் கிட்டாரிஸ்ட் என்றுதான் சொல்வார். கிட்டார் போய்விட்டால் அப்புறம் என்னவென்று சொல்வது? அந்த ஒரு மாதமும் அவர் மனசில் ஓடிய கேள்வி அது ஒன்றுதான்.

கடையில் புதுசு வாங்க அவருக்கு மனசு வரவில்லை. போன டிசம்பரில் ரிகர்சல் அறைக்குள் தண்ணீர் வந்தபோது பழைய கிட்டாரின் உடம்பு உப்பிப் பிளந்ததே தவிர, கழுத்து நன்றாகத்தான் இருந்தது. அதோடு சேர்க்க ஒரு பழைய தேக்குக் கதவுப் பலகையை வாங்கி, தெரிந்த தச்சரிடம் கொடுத்து உடம்பாக அறுத்துக்கொண்டார். பிக்கப் ஒன்றே போதும் என்றும் முடிவு செய்தார். பிக்கப் என்பது கம்பிக்குக் கீழே உட்கார்ந்து அதன் அதிர்வை, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்புக்கு அனுப்புகிற காந்தச் சுருள். அது எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் கிட்டாரின் குரல். கழுத்துப் பக்கம் வைத்தால் குரல் குழையும். கம்பிகள் வந்து முடிகிற பிரிட்ஜ் பக்கம் வைத்தால் கணீரென்று வரும். கல்யாண மண்டப இரைச்சலில் கணீரென்றால்தான் எடுபடும். ஆகவே பிரிட்ஜில் ஒன்றே ஒன்று, கூடவே சத்தத்துக்கு ஒரு திருகு. இரண்டு பிக்கப் வைத்தால் எந்தப் பாட்டுக்கு எது என்று யோசிக்க வேண்டும், ஒன்று என்றால் குழப்பமே இல்லை பாருங்கள். இப்படிக் கணக்குப் போட்ட மனுஷனுக்குத்தான் அடுத்த பதினைந்து நாள் சோறு இறங்கவில்லை.

பிக்கப்பில் மூன்று ஜாதி. ஒல்லியானது சிங்கிள் காயில். தடியானது ஹம்பக்கர். நடுவில் பி-நைன்ட்டி என்று ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அளவில் குழி தோண்ட வேண்டும், தோண்டிய குழியைப் பெரிதாக்கலாமே ஒழியச் சிறிதாக்க முடியாது. குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர், ஹம்பக்கர் தவிர வேறு எதையும் தொடாதே என்றார். யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரன், சிங்கிள் காயில் இல்லாதது கிட்டாரே இல்லை என்றான். இன்னொரு வெள்ளைக்காரன் அவனைத் திட்டினான். பாதி ராத்திரி புரியவில்லை, மீதி ராத்திரி தூக்கமில்லை.

கடைசியில் ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் கிட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் காஷிஃபிடம் போனார். முப்பது வயது இருக்கும். பொறுமைசாலி. ஒன்றுக்கு ஒரு பிக்கப் வீதம் மூன்று கிட்டாரை எடுத்து, மூன்றுக்கும் சத்தத்தை ஒரே அளவில் வைத்து, ஒரே சுரத்தை மூன்றிலும் வாசித்துக் காட்டினான்.

“பாத்தீங்களாண்ணே, எவ்ளோ வித்தியாசம்!”

டில்லிபாபு தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் ஒருவரும் ஆட்டினார். அவர் ஆட்டியது கேட்டதனால். இவர் ஆட்டியது வெட்கத்தினால். இவருக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் கேட்டன, என்னமோ பஞ்சை அடைத்துவிட்டு வாசித்த மாதிரி.

யோசித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். மறுநாளும் போனார். அதே மூன்று, அதே பஞ்சு. மூன்றாம் நாள் அவருக்கு ஒரு வெளிச்சம் வந்தது. பையன் ஏமாற்றுகிறான்! மூன்றிலும் ஒரே சரக்கைப் போட்டு மேலே மூடியை மட்டும் மாற்றிவிட்டு நம் தலையில் கட்டப் பார்க்கிறான். மோட்டார் உலகத்தில் இதெல்லாம் எத்தனை பார்த்திருக்கிறார்!

“காஷிஃப் பாய், நானும் காயிலு கட்டறவன்தான். எங்கிட்டயே வேலைய காட்டறியா? மூணும் ஒண்ணுதானே?”

காஷிஃபுக்கு முகம் சிவந்துவிட்டது. கடைப் படியில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த சுப்பம்மாவைக் கூப்பிட்டான்.

“சுப்பம்மாக்கா, நீ சொல்லு. இது மூணும் ஒண்ணா?”

அவன் மறுபடி வாசித்தான். சுப்பம்மா பூக்கட்டுகிற கையை நிறுத்தாமலே கேட்டாள்.

“இன்னாபா கேக்கற? மொத ஒண்ணு பல்லு கூசுது. கடைசி ஒண்ணு மொத்தமா கீது. இது கூடவா தெரியாது?”

டில்லிபாபு அவளைப் பார்த்தார், காஷிஃபைப் பார்த்தார். இரண்டு பேரும் கூட்டு என்று ஒரு கணம் நினைத்தார். நாமெல்லாம் அப்படித்தானே, ஊரே ஒன்றைச் சொன்னால் ஊர் சேர்ந்து சதி செய்கிறது என்று நினைப்பது சுலபமாக இருக்கிறது. ஆனால் சுப்பம்மாவுக்கு என்ன லாபம்? அவர் வண்டியை எடுத்தார். காஷிஃப் பின்னாலேயே வந்து, மூன்றையும் போனில் பதிந்து அனுப்புகிறேன், வீட்டில் நிதானமாகக் கேளுங்கள் என்றான். திட்டு வாங்கியவன் அப்படிச் சொன்னது டில்லிபாபுவுக்கு இன்னும் வலித்தது.

அவர் மனைவி ஷீலா, பள்ளிக்கூட வேனில் ஆயாவாகப் போகிறவள். சாயங்காலம் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போனை நீட்டினார்.

“இது மூணும் ஒண்ணா, வேற வேறயா?”

ஷீலா கேட்டாள். முதலாவதிலேயே முகத்தைச் சுளித்தாள். “ஐயே, தட்ட கரண்டியால சொரண்டற மாரி கீது. அத்த நிறுத்துய்யா.”

“சும்மா சொல்லாத.”

“நான் இன்னாத்துக்கு சும்மா சொல்லணும்? உனக்கு கேக்கல?”

அவர் சத்தம் போட்டார். தனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல இவள் யார், இருபத்துநாலு வருஷம் மேடையில் நின்றவன் நான் என்றெல்லாம் கத்தினார். ஷீலா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தபடி நின்றாள். தினமும் நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கிறவளுக்கு இது ஒரு சத்தமா? அவர் ஓய்ந்த பிறகு சொன்னாள்.

“யோவ், ரெண்டு வருசமா நான் உன்னாண்ட கத்தித்தான் பேசிகினு கீறேன். நீ கவனிக்கவே இல்ல. கேக்காதது உனக்கு எப்பிடித் தெரியும்?”

டில்லிபாபு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். லஸ் பக்கத்து அபார்ட்மென்ட் மாமி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். “எங்காத்து மோட்டார் கீச்சு கீச்சுன்னு கத்திண்டே இருக்கு, நோக்குக் கேக்கலையா?” என்று போன வாரம் கேட்டாள். மாமிக்கு வயசாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்திருந்தார். யாருக்கு வயசாகிவிட்டது? பயம் என்பது அப்போதுதான் அவருக்கு வந்தது.

மறுநாள் ராயப்பேட்டைப் பெரியாஸ்பத்திரியில் டோக்கன் போட்டு, ஒரு கண்ணாடி அறைக்குள் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தார். சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்குங்கள் என்று சோதிக்கிற பெண் சொல்லியிருந்தாள். முதலில் பூம் என்று வந்தது, தூக்கினார். இன்னும் மெல்ல வந்தது, அதற்கும் தூக்கினார். பரீட்சையில் முதல் மார்க் வாங்குகிற குஷி வந்துவிட்டது. அப்புறம் விசில் மாதிரி இரண்டு வந்தன. அப்புறம் ஒன்றும் வரவில்லை. அவர் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் எதையோ அமுக்கிக்கொண்டே இருந்தாள். மெஷின் மக்கர் பண்ணுகிறது போல, பாவம் சின்னப் பெண், வெளியே போனதும் ஒயரைப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் கதவைத் திறந்தாள்.

“இன்னாம்மா, மெஷின் ரிப்பேரா? மிச்சம் எப்ப போடுவ?”

“ரிப்பேர் இல்லீங்கய்யா. எல்லாம் போட்டாச்சு. முடிஞ்சிருச்சு.”

விரல் இன்னும் பாதி தூக்கினபடியேதான் இருந்தது. அவர் அதைக் கீழே இறக்கினார்.

தாழ்ந்த சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறது, உச்ச சத்தம் இரண்டு காதிலும் போய்விட்டது, மேடையில் டிரம்ஸ் சிம்பலுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நின்றதன் பலன், போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். டில்லிபாபுவுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. மழையில் நனைந்த கிட்டாருக்குப் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. குரல் மந்தமாக இருக்கிறதே என்று ஆம்ப்பில் உச்ச சத்தத்துக்கான ட்ரெபிளைத் திருகித் திருகி ஏற்றியது அவர் கைதான். பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையும் சொன்னது நிஜம். தப்பு செய்யாத கிட்டாரைத் தண்டித்துவிட்டு, தப்பு செய்யாத காஷிஃபைத் திருடன் என்றும் சொல்லியாகிவிட்டது.

“இனிமே எந்த பிக்கப்பு வச்சா இன்னா?” என்றார் ஷீலாவிடம். “எனக்கு எல்லாம் ஒண்ணுதான்.”

“உனக்குத்தான் ஒண்ணு. வந்து குந்திகினு கேக்கறவங்களுக்கு ஒண்ணு இல்ல. எனக்கு கேக்குதுல்ல? கெளம்பு.”

காஷிஃப் கடையில் டில்லிபாபு முதலில் மன்னிப்புக் கேட்டார். காரணத்தையும் சொன்னார். காஷிஃப் டீ சொன்னான். ஷீலா ஸ்டூலில் உட்கார்ந்து, பேர் எதையும் எங்கிட்ட சொல்லாத, வாசி என்றாள். மூன்றையும் மூன்று தபா வாசிக்க வைத்தாள். பிறகு இரண்டாவதைக் காட்டினாள். அது பி-நைன்ட்டி.

“அது ஏன்?” என்று டில்லிபாபு கேட்டார். அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

“மொதலு கத்துது. மூணாவது போர்வைக்குள்ள இருந்து பேசற மாரி கீது. இதுதான் மூஞ்சியப் பாத்து பேசுது.”

அதற்கேற்ற குழியைத் தச்சர் தோண்டினார். டில்லிபாபு ஒயரைப் பற்றவைத்தார், கம்பிகளைக் கட்டினார். ஆம்ப்பில் ட்ரெபிள் திருகு எங்கே நிற்க வேண்டும் என்று ஷீலாவே கேட்டுப் பார்த்து நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தாள். இதைத் தாண்டிக் கையை வைத்தால் விரலை ஒடிப்பேன் என்றும் சொன்னாள்.

ரிகர்சலுக்கு அவளும் கூட வந்தாள். டில்லிபாபு வாசிக்க ஆரம்பித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வாசிப்பது போல அவருக்குக் கேட்டது. இது சரிதானா? எப்படிச் சரியாக இருக்கும்? பேஸ்காரர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். சிரிப்பு நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் ரகுபதி கீபோர்டை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

“மச்சி, இன்னாடா இது! தேனாட்டம் கீது. எந்த பிக்கப்பு? எப்பிடி புடிச்ச?”

ஏதாவது ஒரு பேரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் காது கேட்காதவனை யார் மேடை ஏற்றுவார்கள்?

“நான் புடிக்கல,” என்றார் டில்லிபாபு. “எனக்கு மேல் சத்தம் எதுவும் கேக்கலடா. காது போயிடுச்சு. இத்தினி நாளும் காதக் கிழிச்சது கிட்டாரு இல்ல, நான்தான். இப்ப வாசிச்சனே, அது எப்பிடி இருந்துச்சுன்னு கூட எனக்குத் தெரியாது. ஷீலாதான் எடுத்துக் குடுத்தா.”

ரகுபதி ஒரு ஒயரைச் சுற்றினார், திரும்பவும் பிரித்தார்.

“ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு மண்டபத்துக்கு வந்துடு. அண்ணியையும் கூட்டிகினு வா. முன்னால சேர் போட்டு வைக்கிறேன்.”

வேலை இருக்கிறது என்று சந்தோஷப்படுவதா, காது இல்லை என்று அழுவதா என்று டில்லிபாபுவுக்குப் புரியவில்லை. ஷீலா பக்கம் குனிந்து கேட்டார்.

“மெய்யாலுமே எப்பிடிடீ கீது?”

ஷீலா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். “எங்க தெருவுல ஆடி மாசம் வாசிக்க வந்தியே, நான் மாடில நின்னுகினு உன்னையே பாத்துகினு இருந்தனே, அப்ப வாசிச்ச மாரியே கீது.”

“இன்னொரு தபா சொல்லு,” என்றார் டில்லிபாபு.

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஷீலா அதைச் சத்தமாகச் சொன்னாள்.