பீடி நேரம்

கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழியில் உத்திராபதி அண்ணன் எனக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர். கடப்பாரையைப் பிடித்தால் இரண்டு ஆள் வேலை செய்வார். ஒரு நாளைக்கு இரண்டு கட்டுப் பீடியும் குடிப்பார். எழுபத்தெட்டாம் வருடம் இருமி இருமி மூச்சே விட முடியாமல் போனதும், டவுனில் ஒரு டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

"நெஞ்சு கெட்டுப் போயிருக்கு. பீடிய வுடலன்னா ரெண்டு வருசம் தாங்க மாட்ட" என்றார் டாக்டர்.

"எப்படிங்க சார் வுடறது?"

"குடிக்காம இரு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருடப் பழக்கத்துக்கு அவர் சொன்ன வைத்தியம் அவ்வளவுதான்!

ஆனாலும் அண்ணன் விட்டார். வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்துகொண்டு எப்படியோ நாளை ஓட்டினார். வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. எங்கள் குழியில் காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் கால்மணி நேரம் பீடி நேரம். மேஸ்திரி ராசாங்கம் விசில் ஊதுவான். நாங்கள் பன்னிரண்டு ஆண்களும் வேலமர நிழலில் உட்கார்ந்து புகை விடுவோம். அண்ணனும் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார்.

"நீதான் பீடி குடிக்கலியே, உனக்கு எதுக்கு நெழலு? எந்திரி" என்றான் ராசாங்கம்.

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தோம். அந்தப் பாவி நிஜமாகவே சொன்னான். அண்ணன் எழுந்து போய் வெயிலில் பாறையைப் பெயர்த்தார். நாங்கள் தடிமாடு மாதிரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பத்தாம் நாள் கால் துவண்டுபோய் நிழலுக்கு வந்தார்.

"செல்லக்கண்ணு, ஒண்ணு குடுடா. பத்த வைக்காம சும்மா வாயில வச்சுக்கிட்டு உக்காந்துக்கறேன்."

கொடுத்தேன். ராசாங்கம் பார்த்துவிட்டுத் தீப்பெட்டியோடு வந்தான்.

"வேசமா போடற? பத்த வையி. இல்லன்னா எந்திரி."

அண்ணனுக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை. தீக்குச்சியை எடுத்தார்.

தொம்மென்று ஒரு கூடை விழுந்தது. அவர் மனைவி பொன்னாயி அக்கா. குழியிலிருந்து லாரிக்குக் கல் சுமக்கும் பெண்களில் ஒருவர். வந்த வேகத்தில் அண்ணன் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கிக் கசக்கி எறிந்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ எதுக்கு உக்காந்த?" என்று கத்தினான் ராசாங்கம்.

"பதினோரு வருசமா இதே குழியில கல்லு சொமக்கிறேன். ஒரு நாளாச்சும் பொம்பளைங்கள உக்காருன்னு சொல்லிருக்கீங்களா? நாங்களும் நெஞ்சக் கெடுத்துக்கிட்டாத்தான் எங்களுக்கு நெழலா? எம் புருசன் பீடிய அடியோட மறக்கற வரைக்கும் நான் தொணைக்கு உக்காருவேன். வேணாம்னா சொல்லுங்க, ரெண்டு பேரும் வேற வேல பாத்துக்கறோம்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த விசில் பெண்களுக்கு இல்லை என்பது அத்தனை வருடமும் எங்களில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை. நாங்கள் புகை விட்டுக்கொண்டிருந்தபோதெல்லாம் அவர்கள் எங்களைத் தாண்டித்தான் கல் சுமந்து போனார்கள்.

கூடக் கல் சுமக்கும் ஆண்டாயி கூடையை இறக்கி வைத்தாள். பிறகு மற்ற பெண்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். லாரிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. நான் என் பீடியை அணைத்துவிட்டு அண்ணனுக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்தேன். ராசாங்கம் எங்களை ஒரு சுற்று முறைத்துவிட்டு, "கால்மணிதான்" என்று முனகிக்கொண்டு போனான்.

மறுநாளிலிருந்து விசில் எல்லோருக்கும்தான். அண்ணன் அதற்குப் பிறகும் பதினாறு வருடம் இருந்தார். பீடியை எப்படி விட்டாய் என்று யாராவது கேட்டால் டாக்டர் பேச்சை எடுக்கவே மாட்டார்.

"எம் பொண்டாட்டி உக்காந்தா. நான் வுட்டுட்டேன்" என்பார்.